சைனா கிளெமென்ட் மறைத்த அளவு

பெங்களூர் மர்பி டவுனில் கிளெமென்ட் வீடு எது என்று கேட்டால், எந்தக் கிளெமென்ட் என்று திருப்பிக் கேட்பார்கள். பேண்டு வாசிக்கிற கிளெமென்ட் உண்டு, பால் பூத் கிளெமென்ட் உண்டு. சைனா கிளெமென்ட் என்று சொன்னால்தான் விரல் சரியான சந்துக்குள் நீளும். கூடவே உதட்டோரத்தில் ஒரு சிரிப்பும் வரும். அது மரியாதைச் சிரிப்பு என்று நம்பிக்கொண்டிருந்த ஒரே ஆள் அந்தக் கிளெமென்ட்தான். அவர் மனைவி நோராவுக்கு அது என்ன சிரிப்பு என்று நன்றாகவே தெரியும்.

பட்டம் வந்த கதையைச் சொல்லிவிட வேண்டும். பீனியாவில் ஒரு தொழிற்சாலையின் பர்ச்சேஸ் பிரிவில் நட்டும் போல்ட்டும் பேரிங்கும் வாங்கிக்கொண்டிருந்த மனிதர் அவர். கம்பெனியை இழுத்து மூடியபோது கையில் வந்த தொகையை எடுத்துக்கொண்டு, ஒரு டிராவல்ஸ்காரன் சேர்த்த கும்பலோடு குவாங்சோ சந்தையைப் பார்க்கப் போனார். ஒரு வாரம்கூட முழுதாக இல்லை. அதிலும் பாதி நாள் அந்த ஊர்ச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் ஓட்டல் அறையிலேயே சுருண்டு கிடந்தார் என்று கூடப் போன டொமினிக் ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறார். திரும்பி வந்த நாளிலிருந்து எந்தப் பேச்சை எடுத்தாலும் "நாங்க சைனாவுல இருந்தப்போ" என்றுதான் ஆரம்பம். ரேஷன் கார்டே அங்கேதான் வாங்கினார் போல! கேஸ் சிலிண்டர் வரத் தாமதமானாலும் சைனா, மாதா கோயிலில் பூசை முடியத் தாமதமானாலும் சைனா. 'குளோபல் சோர்சிங் கன்சல்டன்ட்' என்று பளபளப்பான விசிட்டிங் கார்டு அடித்துக்கொண்டார். மீன் வாங்கப் போன இடத்தில் மீன்காரிக்கும் ஒன்று கொடுத்தார். அவள் அதை ஈரக்கையில் வாங்கி எடைக்கல்லுக்குக் கீழே வைத்துக்கொண்டாள்.

இந்தக் குளோபல் மனிதர் இத்தனை வருஷத்தில் வரவழைத்தது என்ன? ஒரு மழைக்குக்கூடத் தாங்காத குடைகள். மினுக் மினுக்கென்று எரிய வேண்டிய, ஆனால் எரியாத கிறிஸ்மஸ் ஸ்டார்கள். அந்த ஸ்டார்களில் மிச்சமிருந்தவை இன்னும் பரண்மேல் கிடக்கின்றன. வீட்டில் உலை கொதித்ததெல்லாம் நோராவின் சம்பளத்தில். அவள் ஹலசூர் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க். டிசம்பர் வந்தால் கல்கல் ஆர்டரும் எடுப்பாள்.

கல்கல் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மைதாவையும் தேங்காய்ப் பாலையும் முட்டையையும் சேர்த்துப் பிசைந்து, கோலிக்குண்டு அளவுக்கு உருட்டி, புது சீப்பின் முதுகிலோ முள்கரண்டியிலோ வைத்து அழுத்திச் சுருட்டினால் சோழிமாதிரி வரி விழுந்து சுருண்டு வரும். எண்ணெயில் பொரித்துச் சர்க்கரைப் பாகில் புரட்டினால் கல்கல். கன்டோன்மெண்ட் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் இது இல்லாமல் கிறிஸ்மஸ் இல்லை. தின்பதற்கு இன்பம், சுருட்டுவதற்கு நரகம். டிசம்பர் பாதிக்குள் நோராவின் கட்டைவிரல் மரத்துப்போய்விடும், சட்டைப் பட்டன் போடக்கூட வராது.

வலிக்கிற கைதானே வழி தேடும். ஒருநாள் மாவுத் துண்டொன்று பெரிய பூரிக்கட்டைக்கும் சின்னக் கட்டைக்கும் நடுவில் சிக்கி, சின்னதைச் சுற்றித் தானாகச் சுருண்டுகொண்டதை நோரா பார்த்தாள். அதே யோசனையாக இருந்தாள். பிறகு நாகேஷின் லேத் பட்டறைக்குப் போய், வரி வெட்டிய இரண்டு உருளைகளைக் கடைந்து, கைப்பிடி வைத்துத் தரச் சொன்னாள். நாகேஷ் இரண்டையும் ஒரே பருமனில் கடைந்தார். மாவு அப்பளமாக வெளியே வந்தது.

"ஆகல்லாக்கா, இது ஒர்க் ஆகாது," என்றார் நாகேஷ், கன்னடம் கலந்த தமிழில்.

"மேல இருக்கிறதை மட்டும் ஒல்லியாக்குங்க. கீழே இருக்கிறது அப்படியே இருக்கட்டும்," என்றாள் நோரா.

ஒல்லியாக்கினார். கைப்பிடியைச் சுற்றினார்கள். வரி வரியாகச் சுருண்டு, அச்சாகக் கல்கல் விழுந்தது. மேலே ஒல்லி, கீழே பருமன். அவ்வளவுதான் இரகசியம். ஆனால் அந்த அவ்வளவு இதுவரை யாருக்கும் தோன்றியதில்லை. அது முழுக்க முழுக்க நோராவின் மூளை. அதில் கிளெமென்ட்டின் பங்கு என்று பார்த்தால், அவளைப் பட்டறைக்கு ஏற்றிப்போன ஆட்டோவின் பங்குகூடக் கிடையாது.

நோராவுக்கு ஒரே ஒரு ஆசை வந்தது. பள்ளிக்கூட ஆபீசில் இத்தனை வருஷமாக மற்றவர்கள் பெயரைத்தான் எழுதிக்கொண்டிருந்தாள். சர்டிபிகேட்டில், ஷீல்டில், டி.சி.யில், எல்லாவற்றிலும் யாரோ ஒருவருடைய பெயர். இந்த மிஷினின் இரும்பிலே 'நோரா' என்று தன் பெயர் புடைப்பாக இருக்க வேண்டும், இது நோரா கண்டுபிடித்தது என்று நாலு பேர் சொல்ல வேண்டும். அதற்குமேல் அவள் எதுவும் கேட்கவில்லை. இதைப் புருஷனிடம் வாய்விட்டுச் சொன்னதுதான் அவள் செய்த வேலை. வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் கட்டிக்கொண்டாள்.

அந்த வருஷம் கோயில் வளாகத்தில் நடந்த கிறிஸ்மஸ் விற்பனைக்கு மிஷினைக் கொண்டுபோனார்கள். கிளெமென்ட் அதற்குள் தகரத்தில் ஒரு மூடி செய்து, உருளைகள் தெரியாதபடி போர்த்திவிட்டார். "ஐ.பி. ப்ரொடெக்ஷன், கண்டுபிடிப்பை யாரும் திருடாம இருக்க" என்றார். ஏதோ ஒரு ஓட்டலில் இலவசச் சாப்பாட்டோடு நடந்த கூட்டத்தில் அந்த இரண்டு எழுத்தைப் பொறுக்கிக்கொண்டு வந்திருந்தார். பெண்கள் கூட்டமாக நின்று பார்த்தார்கள். ஒரு பக்கம் மாவு போகிறது, மறுபக்கம் கல்கல் விழுகிறது, நடுவில் தகரம். எல்லோரும் தங்களுக்கும் ஒன்று வேண்டுமென்றார்கள். இத்தனை பேருக்குச் செய்துகொடுக்க நாகேஷால் ஆகாது.

"சைனா இருக்குல்ல!" என்றார் கிளெமென்ட். முகம் கல்யாண வீட்டு லைட்டாக எரிந்தது.

"அவங்க காப்பி அடிச்சிட்டா? மொதல்ல இங்க நம்ம பேர்ல ரிஜிஸ்டர் பண்ணிடலாங்க. நம்ம ஸ்கூல்ல படிச்ச ஷோபா இப்போ இதுலதான் வக்கீலா இருக்கா, அவளைக் கேக்கலாம்."

"வக்கீலா? எனக்குத் தெரியாததை அவ சொல்லப்போறாளா? சும்மா கிரிகிரி பண்ணாத நோரா. ஐ.பி. எல்லாம் எங்கிட்ட விட்டுடு."

விட்டுவிட்டாள். விடாமல் இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்த வீட்டில் அந்த மனிதருக்கு விட்டுக்கொடுக்கவென்று கடைசியாக மிஞ்சியிருந்தது இந்த ஒரு மரியாதைதான். அதையும் பிடுங்க அவளுக்கு மனசு வரவில்லை.

கிளெமென்ட்டின் ஐ.பி. பாதுகாப்பைக் கொஞ்சம் கேளுங்கள். மேயோ ஹால் கோர்ட்டு வாசலுக்குப் போனார். கர்நாடக அரசின் ஸ்டாம்ப் பேப்பர் வாங்கி, அங்கே டைப் அடிக்கிறவரிடம் சொல்லி, இந்த இரகசியத்தை யாருக்கும் சொல்ல மாட்டோம், மீறினால் பெங்களூர் கோர்ட்டுக்குக் கட்டுப்படுவோம் என்று இங்கிலீஷில் அடித்து, நோட்டரியிடம் வட்ட முத்திரை குத்தி வாங்கினார். ஸ்டாம்ப் பேப்பரில் முத்திரை விழுந்தால் எமனே திரும்பிப் போய்விடுவான் என்று நம்புகிற ஜாதி அது. வாடகை வீட்டுக்கு எழுதுவதுபோல எழுதி, அதைக் கடல் தாண்டி, இன்டர்நெட்டில் பிடித்த ஒரு சைனா தொழிற்சாலைக்கு அனுப்பினார். அங்கே விற்பனையைக் கவனித்த செர்ரி என்று ஒரு பெண் கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் எடுத்துத் திருப்பி அனுப்பினாள்.

"செர்ரின்னா முழுப்பேரு என்னாங்க?" என்று கேட்டாள் நோரா.

"செர்ரிதான். அங்க எல்லாரும் இந்தமாதிரி ஒரு இங்கிலீஷ் பேரு வெச்சிப்பாங்க. நாங்க சைனாவுல இருந்தப்போ ஒருத்தன் பேரு ரெயின்போ."

"அப்போ நம்ம அக்ரிமெண்ட்ல கையெழுத்துப் போட்டிருக்கிறது ஒரு பழமா?"

"உனக்கு இன்டர்நேஷனல் டிரேடு புரியாது," என்று சொல்லிவிட்டுக் கிளெமென்ட் அந்தத் தாளை லேமினேட் செய்யக் கொண்டுபோனார்.

இதுகூடப் பரவாயில்லை. அடுத்து அவர் செய்ததை நினைத்தால்தான் நோராவுக்கு இன்றும் பல் நறநறக்கும். மர்பி டவுனில் ஒரு வழக்கம் உண்டு. கேக்குக்கோ ஒயினுக்கோ விண்டாலுவுக்கோ ரெசிபி கேட்டால் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். சிரித்துக்கொண்டே சொல்வார்கள், ஆனால் ஒரு சாமானை மறைத்துச் சொல்வார்கள். வாங்கிப்போனவள் செய்து பார்த்து, "உங்க கை பக்குவம் வரலியே" என்பாள். சொன்னவள் பெருமையாகத் தலையாட்டுவாள். கிளெமென்ட் பிறந்து வளர்ந்தது இந்தத் தெருவில்தானே, அந்தப் புத்தி எங்கே போகும்? தொழிற்சாலைக்கு அனுப்ப வேண்டிய டிராயிங்கில் மேல் உருளையையும் கீழ் உருளையையும் ஒரே பருமனாக வரைந்தார். வரைந்ததன் கீழே 'இதுதான் எங்கள் முழுக் கண்டுபிடிப்பு' என்று எழுதி, அதற்கும் நோட்டரி முத்திரை வாங்கி, அந்த ஸ்டாம்ப் பேப்பரோடு சேர்த்து வைத்தார். சாம்பிள் மிஷினும் அனுப்பவில்லை. பொரித்த கல்கலின் போட்டோ மட்டும் போனது.

நோரா டிராயிங்கைப் பார்த்துத் திடுக்கிட்டாள். "என்னங்க இது? ரெண்டும் ஒண்ணா இருக்கு! நாகேஷ் மொதல்ல பண்ணி ஒர்க் ஆகாத மாடல் இல்ல இது?"

"அதான் டெக்னிக்! ஒரிஜினல் அளவைக் குடுத்தா அவன் காப்பி அடிப்பான். தப்பா குடுத்தா எதைக் காப்பி அடிப்பான்? கடைசி நேரத்துல, மோல்டு வெட்டும்போது, நான் போன்ல சரியான அளவைச் சொல்வேன். எப்படி?"

"ரெசிபி தப்பாச் சொன்னா ஒரு கேக்குதான் கெடும். இது இரும்பு விஷயம். எழுதிக் குடுத்தது எழுதிக் குடுத்ததுதானே?"

எப்படி என்று கேட்டது பாராட்டுக்காகத்தான், பதிலுக்காக இல்லை. கிளெமென்ட் எழுந்து போய்விட்டார்.

சில வாரம் கழித்துச் செர்ரியிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. அவர்கள் செய்து பார்த்த மாதிரியில் மாவு அப்பளமாக வெளியே வந்துகொண்டிருந்தது. போட்டோவில் உள்ளதுபோல் சுருளவில்லையே, டிராயிங் சரியா, தயவுசெய்து பார்த்துச் சொல்லுங்கள் என்று பணிவாகக் கேட்டிருந்தாள். நியாயமான கேள்வி. இந்தப் பெரிய மனுஷன் அதற்கு என்ன பதில் அனுப்பினார் தெரியுமா? ஒரு கட்டைவிரல் பொம்மையும், 'டாப் சீக்ரெட், மை பிரண்ட்' என்ற வரியும். அதற்குப் பிறகு அங்கிருந்து கொஞ்ச காலம் பேச்சே இல்லை.

அப்புறம் இன்னொரு வீடியோ வந்தது. கல்கல் சுருண்டு சுருண்டு விழுந்தது. மேலே ஒல்லி உருளை, கீழே பருமன் உருளை. பக்கத்தில் ஒரு திருகு வேறு வைத்திருந்தார்கள். அதைத் திருப்பினால் இடைவெளி கூடும் குறையும். கிளெமென்ட் கூடத்தில் துள்ளாத குறை.

"பாத்தியா நோரா! நான் சொல்லவே இல்ல, அவங்களே கண்டுபிடிச்சிட்டாங்க!"

அந்த ஒரு சொல்லை நோரா பிடித்துக்கொண்டாள். "என்னா சொன்னீங்க? கண்டுபிடிச்சாங்களா?"

"ஆமா! என்னா மூளை பாரு! நான் கங்கிராட்ஸ் அனுப்பிட்டேன். 'யுவர் இன்ஜினியர் ஈஸ் ஜீனியஸ்'னு."

"எழுத்துலயா அனுப்பினீங்க?"

"பின்ன? அங்க போயா கை குலுக்க முடியும்?"

தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்ளும் யானையையாவது பார்க்க அழகாக இருக்கும். இந்த மனிதரைப் பார்க்க நோராவுக்குச் சகிக்கவில்லை. சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சரக்கு வரும் வரும் என்று கிளெமென்ட் சொல்லிக்கொண்டே இருந்தார். சரக்கு வரவில்லை. ஒருநாள் பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த ஸ்னேஹா டீச்சர் ஆபீசுக்குள் ஓடி வந்து போனை நீட்டினாள். "மிஸ், உங்க மிஷின் ஆன்லைன்ல வந்துடுச்சு!" சிவப்புப் பெட்டி, பளபளக்கும் கைப்பிடி, மேலே ஒல்லி, கீழே பருமன். இரும்பில் புடைப்பாக ஒரு பெயர் இருந்தது. அது நோராவின் பெயர் இல்லை. ஏதோ வாயில் நுழையாத பெயர்.

"டூப்ளிகேட்! விட மாட்டேன்! அக்ரிமெண்ட் இருக்கு!" என்று கிளெமென்ட் கொதித்தார். செர்ரிக்கு லேமினேட் செய்த தாளையே போட்டோ எடுத்து அனுப்பினார். பதில் அன்றைக்கே வந்தது. அவள் மரியாதை குறையாமல் எழுதியிருந்தாள். உங்கள் டிராயிங்கின்படி நாங்கள் எதையும் செய்யவில்லை. உங்கள் டிராயிங் வேலை செய்யவில்லை என்று அப்போதே தெரிவித்தோம். சம அளவில்லாத உருளை எங்கள் இன்ஜினியரின் கண்டுபிடிப்பு, நீங்களே பாராட்டியிருக்கிறீர்கள். இங்கே பதிவு செய்துவிட்டோம், இந்தியாவிலும் விண்ணப்பம் போட்டிருக்கிறோம்.

அப்போதுதான் வக்கீல் ஷோபாவிடம் போனார்கள். கெட்ட பின்பு ஞானி. ஷோபா அந்த ஸ்டாம்ப் பேப்பரை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"மிஸ், இது அந்த ஊர்ல செல்லாது. பெங்களூர் கோர்ட்டு என்ன சொன்னாலும் அவங்க டீ டம்ளர் வெக்கத்தான் அதை வெச்சிப்பாங்க. அங்க நிக்கணும்னா அவங்க பாஷையில எழுதியிருக்கணும், கம்பெனியோட நிஜப் பேரு இருக்கணும், அவங்க சிவப்பு சீல் இருக்கணும். இதுல செர்ரின்னு ஒரு கையெழுத்துதான் இருக்கு. ஆனா ஒரு விதத்துல இது நல்லாவே செல்லும்."

"சொன்னேன்ல!" என்றார் கிளெமென்ட்.

"உங்களுக்கு எதிரா, சார்," என்றாள் ஷோபா. "ரெண்டு உருளையும் ஒரே சைஸ், இதுதான் எங்க முழு கண்டுபிடிப்புன்னு நோட்டரி முன்னால எழுதியிருக்கீங்க. வேலை செய்யாத மிஷின் உங்களுது, வேலை செய்யுற மிஷின் அவங்களுது. இதுக்கு மேல அவங்களுக்கு என்ன சாட்சி வேணும்?"

கிளெமென்ட் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். நோரா தரையைப் பார்த்தாள். கோயில் விற்பனையில் அத்தனை பேர் பார்த்தார்களே, அது உதவாதா என்று மெல்லக் கேட்டாள்.

"கண்டிப்பா உதவும் மிஸ். உருளையை யார் யார் பார்த்தாங்க?"

யாரும் பார்க்கவில்லை. பார்க்க முடியாதபடி தகரம் போட்டிருந்ததே! பூனைக்குப் பயந்து பாலை மறைத்து வைத்த புண்ணியவான், அந்தப் பால் தன்னுடையது என்று சொல்லச் சாட்சிக்கு ஒரு ஆளைக்கூட மிச்சம் வைக்கவில்லை.

ஷோபா நல்ல பெண். யோசித்து ஒரு வழி சொன்னாள். இந்தியாவில் இன்னும் அவர்களுக்கு உரிமை கொடுத்தாகவில்லை, விண்ணப்பம்தான் நிற்கிறது. எதிர்த்து மனு போடலாம். நாகேஷ் சாட்சி சொல்ல வேண்டும், முதல் மிஷினைக் காட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே கிளெமென்ட் ஒரு அஃபிடவிட் தர வேண்டும். உண்மையான அளவு வேறு, அது என் மனைவி கண்டுபிடித்தது, நான்தான் வேண்டுமென்றே தப்பாக வரைந்தேன் என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். "அது வரைக்கும் அவங்களுக்கு எந்தப் பதிலும் அனுப்பாதீங்க. எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க. அஃபிடவிட் வந்தா நமக்கு நல்ல சான்ஸ் இருக்கு மிஸ்."

நோரா அன்றைக்குத்தான் பல மாதம் கழித்து மூச்சை நன்றாக இழுத்து விட்டாள். நாகேஷ் கேட்டவுடனே வந்து எழுதிக் கொடுத்துவிட்டார். "நானே கடைஞ்சது அக்கா, எங்கே பேக்கோ, எங்கே வேணுமோ, அங்கே வந்து சொல்றேன்," என்றார். பாக்கி ஒரே ஒரு கையெழுத்துதான்.

அந்த ஒரு கையெழுத்துக்கு நோரா பட்ட பாட்டை என்னவென்று சொல்வது! அடுத்த வாரம் என்றார். மூட்டு வலி என்றார். வார்த்தைகளை மாற்ற வேண்டும் என்றார். கடைசியில் உண்மை வாயிலிருந்து விழுந்தது.

"வேணும்னே தப்பா வரைஞ்சேன்னு எழுதினா, மார்க்கெட்ல என் பேரு என்னா ஆகும்?"

"எந்த மார்க்கெட்ல? ரஸ்ஸல் மார்க்கெட் மீன்கடையிலயா?" என்றாள் நோரா. "யோவ், என் பேரு போய்க்கினு இருக்குய்யா! உன் பேருக்கு என்னா இப்போ?"

கல்யாணமாகி முதல்முறையாக 'யோவ்' வந்துவிட்டது. கிளெமென்ட்டுக்கு அதுதான் பெரிதாகப் பட்டது. மூன்று வேளையும் உர்ரென்று இருந்தார். மனைவி மரியாதை இல்லாமல் பேசுகிறாள் என்று டொமினிக்கிடம் போய் மூக்கால் அழுதார்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை நோரா பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது வீட்டு வாசலில் அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. சிவப்புப் பெட்டிகள். உள்ளே புதுச் சட்டை போட்டுக்கொண்டு கிளெமென்ட் உட்கார்ந்திருந்தார். மேஜையில் புது விசிட்டிங் கார்டுக் கட்டு: 'கர்நாடகா முழுமைக்கும் அங்கீகரிக்கப்பட்ட டீலர்'.

"அவங்களே கூப்பிட்டுக் குடுத்தாங்க நோரா! கர்நாடகா பூரா எனக்குத்தான். ஆனேக்கல் தாண்டி ஹொசூரையும் கேட்டிருக்கேன். கோர்ட்டு, கேஸுன்னு அலையறதுக்கு இது எவ்ளோவோ மேல் இல்லியா? வின்-வின்!"

நோரா நின்றபடியே கேட்டாள். "எதுலயாவது கையெழுத்துப் போட்டீங்களா?"

"அக்ரிமெண்ட் இல்லாம டீலர்ஷிப் எப்படித் தருவாங்க?"

"படிச்சீங்களா?"

"அவ்ளோ பக்கம் யாரு படிப்பா? எல்லாம் வழக்கமா போடறதுதான்."

நோரா படித்தாள். டீலராகிய கிளெமென்ட், இந்த உருளை அமைப்பு முழுக்கத் தொழிற்சாலையின் கண்டுபிடிப்பு என்று ஒப்புக்கொள்கிறார். தனக்கோ தன் குடும்பத்தாருக்கோ இதில் எந்தப் பங்கும் இருந்ததில்லை, இனி கேட்கவும் மாட்டார். கீழே கிளெமென்ட்டின் கையெழுத்து. அவர் கையெழுத்து எப்போதும் அழகாக இருக்கும், சுழித்து ஒரு கோடு இழுப்பார். இந்த முறை அந்தக் கோடு வழக்கத்தைவிட நீளமாக இருந்தது.

ஷோபாவுக்குப் போன் போட்டு அதை வாசித்துக் காட்டினாள். "மிஸ், வீட்டுக்காரரே எழுதிக் குடுத்துட்டாரு. இனிமே நாகேஷ் ஒருத்தர் சொல்றதை வெச்சி என்ன பண்றது? மனு போடலாம். ஆனா நிக்காது," என்றாள்.

தனக்கு அழுகை வரும் என்று நோரா நினைத்தாள். வரவில்லை. வந்தது அருவருப்பு. வெளியூர்க்காரன் திருடிவிட்டான் என்றால் கோபப்படலாம், சபிக்கலாம், நாலு பேரிடம் சொல்லி ஆறுதல் தேடலாம். இங்கே திருடனே இல்லை. கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, சாமானைக் கட்டிக்கொடுத்து, வாசல்வரை வந்து வழியனுப்பியது இந்த வீட்டு ஆம்பிளை. அவனோடு ஒரே பாயில் இத்தனை வருஷம் படுத்திருந்தோமே என்று உடம்பு கூசியது. அந்தச் செர்ரியின்மேல்கூட அவளுக்குக் கோபம் இல்லை. சந்தேகம் வந்தபோது ஒருமுறையாவது கேட்டவள் அவள் ஒருத்திதானே.

அந்த டிசம்பரில் கோயில் விற்பனையில் கிளெமென்ட் பெரிய கடை போட்டார். பேனரில் அவர் படம், கோட்டு சூட்டோடு. ஆனால் மிஷினைச் சுற்றிக் காட்ட அவருக்கு வரவில்லை. மாவை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியாமல் உருளையில் ஈஷிக்கொண்டு நின்றார். நோரா வர மாட்டாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். வந்தாள். ஞாயிற்றுக்கிழமைப் புடவையில், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, புருஷனைத் தள்ளி நிற்கச் சொல்லி, உருளையைத் துடைத்துவிட்டுக் கைப்பிடியைப் பிடித்தாள். கல்கல் மழையாகக் கொட்டியது. கூட்டம் சேர்ந்தது. கிளெமென்ட்டுக்கு வாயெல்லாம் பல். சண்டை தீர்ந்துவிட்டது, பெண்டாட்டி வழிக்கு வந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார்.

பாட்டுக் குழுவில் பாடுகிற லீனா ஒரு கல்கலை எடுத்துப் பார்த்துவிட்டு ஆச்சரியமாகக் கேட்டாள். "என்னா ஃபினிஷிங்! யாரு இதைக் கண்டுபிடிச்சது?"

கிளெமென்ட் தொண்டையைக் கனைத்துக்கொண்டு முன்னால் வந்தார். "அது பெரிய டெக்னாலஜி சிஸ்டர்..."

"சைனாக்காரங்க, லீனா," என்றாள் நோரா, பாதிரியார் பிரசங்கம் வைக்கிற குரலில், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி. "என் வீட்டுக்காரர் எழுதிக் குடுத்திருக்காரு. இதுல அவரு பொண்டாட்டிக்கு எந்தப் பங்கும் இல்லன்னு கையெழுத்துப் போட்டிருக்காரு. அதுக்குத்தான் இந்தக் கடையை அவருக்குக் குடுத்திருக்காங்க. நல்லாப் பார்த்து வாங்கிக்க, அவரு பேரு பேனர்லயே இருக்கு."

லீனா கல்கலைத் தட்டிலேயே திரும்ப வைத்தாள். நோரா கைகளைத் துடைத்துக்கொண்டு, கைப்பிடியைக் கிளெமென்ட்டின் பக்கம் திருப்பி வைத்தாள்.

"சுத்துங்க, டீலர் சார்," என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள்.